புதுப்பித்த பின் எழும்பாத மடிக்கணினி

மறையாக்கம் செய்த, அதாவது கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிய, வட்டில் லினக்ஸை நிறுவி, அதே மடிக்கணினியில் விண்டோஸுக்கும் ஓரிடம் ஒதுக்கி, பிழைப்புக்கான வேலையை அதில் செய்துகொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் நூல்களுக்குப் பக்க வடிவமைப்பு செய்து கொடுப்பவன். சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டித்தான் பதிப்பகங்கள் புதிய நூல்களைக் கொண்டுவரும் என்பதால், டிசம்பர் மாதத்தில் எங்களுக்குத் தூக்கம் குறைவு, வருமானம் அதிகம். அப்படியொரு டிசம்பரில், முந்நூறு பக்கத்துக்கு மேற்பட்ட ஒரு நூலின் இறுதித் திருத்தங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தபோது மின்கலம் தீர்ந்து மடிக்கணினி அணைந்தது. மீண்டும் இயக்கியபோது கடவுச்சொல்லைக் கேட்கும் திரை வரவேயில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் சரசரவென ஓடி, இயங்குதளத்தின் மையமான கெர்னல் நிலைகுலைந்துவிட்டது என்று பொருள்படும் ‘கெர்னல் பேனிக்’ என்ற வரியோடு நின்றுவிட்டன.

அன்று அந்தக் கணினியில் நான் எதையும் நிறுவவுமில்லை, மாற்றவுமில்லை. அதனால் வட்டு பழுதாகிவிட்டது என்றுதான் முதலில் மனம் போயிற்று. உண்மையில் கோளாறு பல நாள்களுக்கு முன்பே உருவாகியிருந்தது. நம்மில் பலர் மடிக்கணினியை அணைப்பதே இல்லை. மூடியைச் சாத்தி உறங்க வைக்கிறோம், காலையில் திறந்து விட்ட இடத்திலிருந்து தொடர்கிறோம். புதிய கெர்னல் வந்து உட்கார்ந்திருந்தாலும், மறுதொடக்கம் ஆகும் வரை பழைய கெர்னலே நினைவகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அரைகுறையாக முடிந்த புதுப்பித்தலின் விளைவு, அதை நாம் முற்றிலும் மறந்துவிட்ட ஒரு நாளில், பெரும்பாலும் நமக்கு வேலை நெருக்கடி மிகுந்த நாளில், வெளிப்படுவதற்கு இதுவே காரணம். காரியத்துக்கும் காரணத்துக்கும் இடையே இத்தனை நாள் இடைவெளி விழுந்ததால்தான் நான் தவறான திசையில் இவ்வளவு அலைய நேர்ந்தது.

என்ன நடந்திருந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வட்டு முழுவதும் மறையாக்கப்பட்டிருந்தால், அதைத் திறப்பதற்கான நிரல்கள் அந்த வட்டுக்குள்ளேயே இருக்க முடியாது. இருந்தால் வீட்டைப் பூட்டிச் சாவியை உள்ளே விட்ட கதையாகிவிடும். ஆகவே அந்த நிரல்களையும் தேவையான வன்பொருள் டிரைவர்களையும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற தொகுப்பாகக் கட்டி, மறையாக்கப்படாமல் தனியாகப் பிரித்த பூட் பார்ட்டிஷன் என்ற பகுதியில் கெர்னலுக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். ஒவ்வொரு கெர்னலுக்கும் தனித்தனித் தொகுப்பு உண்டு. கெர்னல் கோப்பு சிறியது. என் கணினியில் 15 மெகாபைட்டைத் தாண்டவில்லை. தொகுப்போ, கிராஃபிக்ஸ் டிரைவரும் ஃபர்ம்வேர் கோப்புகளும் சேர்ந்து 100 மெகாபைட்டைத் தாண்டியிருந்தது. பூட் பார்ட்டிஷனின் மொத்த அளவு 500 மெகாபைட் மட்டுமே; நிறுவல் நிரல் தானாக ஒதுக்கிய அளவு அது. அதற்குள் மூன்று கெர்னல்கள் ஏற்கெனவே இருந்தன. போதாக்குறைக்கு, ஒரு தொகுப்பைப் புதுப்பிக்கும்போது பழையதை அழிக்காமல் புதியதை முழுமையாக எழுதி முடித்த பிறகே பெயர் மாற்றுவார்கள் என்பதால், வேலை நடக்கும் நேரத்தில் இன்னொரு பிரதிக்கும் இடம் தேவைப்படுகிறது. நான்காவது கெர்னல் வந்தபோது இடம் தீர்ந்தது. கெர்னல் கோப்பு எழுதப்பட்டுவிட்டது, தொகுப்பு எழுதப்படவில்லை. ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’ என்ற வரி பதிவேட்டில் விழுந்திருந்தது. தானியங்கிப் புதுப்பித்தல் பின்னணியில் ஓடியதால் அது என் கண்ணுக்கு எட்டவில்லை. அடுத்த மறுதொடக்கத்தில், கெர்னலைத் தேர்ந்து ஏற்றும் கிரப் என்ற தொடக்க நிரல், பட்டியலில் முதலாவதாக நின்ற புதிய கெர்னலை ஏற்றியது. வட்டைத் திறக்கும் வழி தெரியாமல் கெர்னல் விழுந்தது.

இந்த விளக்கம் எதுவும் கையில் இல்லாத நிலையில், அருகிலிருந்த ஒரு கணினிப் பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டு போனேன். விண்டோஸ் இயங்குகிறதா என்றுகூடப் பார்க்காமல், “டிஸ்க் போயிடுச்சு சார், புதுசு மாத்தி ஓஎஸ் போட்டுடலாம், டேட்டா லாக் ஆகியிருக்கு, அது கிடைக்காது” என்றார்கள். புதிய எஸ்எஸ்டிக்கும் கூலிக்கும் சேர்த்து 6,500 ரூபாய் சொன்னார்கள். பார்த்ததற்கு 500 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த நூலின் திருத்தங்கள்தான் கண்ணுக்குள் நின்றன. முந்தைய வாரத்து நகல் வெளிவட்டில் இருந்தது. ஆனால் நூலாசிரியர் கையெழுத்தில் குறித்துக் கொடுத்த கடைசிச் சுற்றுத் திருத்தங்களும் சொல்லடைவும் இந்த வட்டில் மட்டுமே இருந்தன. மறையாக்கம் என்பது திருடனிடமிருந்து காப்பதற்கு. அன்று அது என்னிடமிருந்தே காத்துக்கொண்டிருப்பதாகத் தோன்றியது.

திரையில் வரும் செய்தியைப் படித்தாலே கோளாறு எந்தக் கட்டத்தில் என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம் என்பது பிறகு தெரிந்துகொண்டது. இயக்கியவுடன் நடப்பது ஒரு சங்கிலி: மதர்போர்டில் பதிந்துள்ள யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் ஷிம் என்ற சிறு நிரலை ஏற்றுகிறது, ஷிம் கிரப்பை, கிரப் கெர்னலையும் தொகுப்பையும், தொகுப்பு வட்டைத் திறந்து உள்ளேயுள்ள அமைப்பிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. தொடக்கச் சாதனமே இல்லை என்று ஃபர்ம்வேர் சொன்னால், அல்லது கேட்காமலே விண்டோஸுக்குள் போனால், பெரும்பாலும் யூஇஎஃப்ஐயின் தொடக்கப் பட்டியலில்தான் குழப்பம். ஃபர்ம்வேர் புதுப்பித்தலுக்குப் பிறகு இது நேரலாம். ‘செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்’ என்று வந்தால் ஷிம்மில் நிற்கிறது. கிரப் என்ற சொல்லும் ஒரு அம்புக்குறியும் மட்டும் வந்தால் கிரப்புக்குத் தன் அமைப்புக் கோப்பு கிடைக்கவில்லை. ‘அன்நோன்-பிளாக் 0,0’ என்ற எண்களோடு கெர்னல் பேனிக் வந்தால், அனேகமாகத் தொகுப்பு இல்லை அல்லது முழுமையாக எழுதப்படவில்லை. பிஸிபாக்ஸ் என்ற பெயரோடு ஒரு சிறு கட்டளை வரி வந்தால் தொகுப்பு ஏறிவிட்டது, ஆனால் அதனால் வட்டைக் கண்டுபிடிக்கவோ திறக்கவோ முடியவில்லை. கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்ட பிறகு திரை கறுப்பாகவே இருந்தால் கிராஃபிக்ஸ் டிரைவரைச் சந்தேகிக்கலாம். கடைக்குப் போவதற்கு முன் அந்தத் திரையைக் கைப்பேசியில் படம் பிடித்து, கடைசி இருபது வரிகளை நிதானமாகப் படித்துவிடுங்கள். என் திரையில் இருந்தது ‘அன்நோன்-பிளாக் 0,0’. வட்டு இறந்துபோனதற்கான அடையாளம் எதுவும் அதில் இல்லை.

என் விஷயத்தில் இரண்டே நிமிடத்தில் தீர்ந்திருக்கக்கூடிய வழி ஒன்றும் இருந்தது. பழைய மூன்று கெர்னல்களும் அவற்றின் தொகுப்புகளும் பழுதில்லாமல் பூட் பார்ட்டிஷனிலேயே இருந்தன. கிரப் பட்டியலில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ என்ற வரிக்குள் போய் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுத்திருந்தால் கணினி எழும்பியிருக்கும். ஆனால் அந்தப் பட்டியல் திரையில் தோன்றாமல், காத்திருக்கும் நேரம் சுழியமாகவே என் கணினியில் அமைக்கப்பட்டிருந்தது. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் பாஸ் லினக்ஸும் விண்டோஸும் சேர்ந்தே இருந்ததால், இயக்கியவுடன் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலைப் பார்த்துப் பழகிய தலைமுறை ஒன்று உண்டு. இப்போதைய வெளியீடுகள் பல, அழகுக்காக அதை மறைத்துவிடுகின்றன. யூஇஎஃப்ஐ கணினிகளில் உற்பத்தியாளரின் சின்னம் மறைந்தவுடன் எஸ்கேப் விசையை ஒரு முறை தட்டினால் பட்டியல் வரும். பதற்றத்தில் பலமுறை தட்டினால் கிரப்பின் கட்டளை வரிக்குப் போய்விடும், அப்போது ‘நார்மல்’ என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து என்டர் விசையை அழுத்தி, உடனே இன்னொரு முறை எஸ்கேப்பைத் தட்ட வேண்டும். இதைவிட நல்லது, கணினி நன்றாக இருக்கும்போதே கிரப்பின் அமைப்புக் கோப்பில் பட்டியலைத் தெரியும்படி வைத்து ஐந்து வினாடி காத்திருக்கச் செய்வது. தினமும் ஐந்து வினாடி வீணாகிறதே என்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை.

இது தெரியாததால், பென்டிரைவிலிருந்தே லினக்ஸை இயக்கும் லைவ் யுஎஸ்பி வழியாக மீட்கும் நீண்ட பாதையில் இறங்கினேன். நண்பர் ஒருவரின் கணினியில் 450 ரூபாய்க்கு வாங்கிய பென்டிரைவைத் தயார் செய்து, அதிலிருந்து மடிக்கணினியை எழுப்பி, வட்டை கிரிப்ட்செட்டப் கட்டளையால் திறந்தபோது, என் கோப்புகள் அத்தனையும் அப்படியே இருந்தன. அந்த நொடியில் எனக்கு அழுகை வந்துவிட்டது என்பதைச் சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை. இந்தக் கட்டத்துக்கு வருகிறவர்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, கோப்புகளை வெளிவட்டுக்கு நகலெடுப்பது. பழுதுபார்ப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும். பயம் நீங்கிய கையால் செய்யும் வேலையே வேறு.

பழுதுபார்ப்பில் எந்த வழிகாட்டியும் எனக்குச் சரியாகச் சொல்லாத இரண்டு பொறிகள் இருக்கின்றன. முதலாவது, வட்டைத் திறக்கும்போது அதற்கு நாம் கொடுக்கும் பெயர். வழிகாட்டிகள் ஏதோ ஒரு பெயரை எடுத்துக்காட்டாகக் கொடுத்திருக்கும். கோப்புகளை எடுக்க மட்டும் எந்தப் பெயரும் போதும். ஆனால் உள்ளே நுழைந்து தொகுப்பை மீண்டும் கட்டும்போது, அந்தப் பெயர் இடிசி அடைவில், மறையாக்கப்பட்ட வட்டுகளைப் பட்டியலிடும் கிரிப்ட்டேப் கோப்பின் முதல் நெடுவரிசையில் இருக்கும் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ஒத்திருக்காவிட்டால், வட்டைத் திறக்கும் விவரம் இல்லாமலேயே தொகுப்பு கட்டப்படும். பிழை என்று எதுவும் வராது. கிரிப்ட்டேப்பில் அந்தப் பெயர் காணப்படவில்லை என்று ஓர் எச்சரிக்கை வரி மட்டும் ஓடும், வேலை வெற்றியாக முடிந்ததுபோலத் தோன்றும். வழிகாட்டியில் இருந்தபடி எல்லாக் கெர்னல்களுக்கும் சேர்த்து நான் தொகுப்பைக் கட்டியதால், அதுவரை நன்றாக இருந்த பழைய தொகுப்புகளும் இதே நிலைக்கு வந்தன. மறுதொடக்கம் செய்தபோது கெர்னல் பேனிக்குக்குப் பதிலாக பிஸிபாக்ஸ் வந்து நின்றது. அந்த இரவு மிக நீளமாக இருந்தது. எனவே கிரிப்ட்டேப்பை முதலில் படியுங்கள். பெயர் வேறாக இருந்தால் வட்டை மூடிவிட்டுச் சரியான பெயரோடு மீண்டும் திறவுங்கள். மீட்கும் முயற்சியில் எல்லாத் தொகுப்புகளையும் ஒரே நேரத்தில் தொடாமல், ஒரு கெர்னலுக்கு மட்டும் கட்டி, எழும்புகிறதா என்று பார்த்த பிறகு மற்றவற்றுக்குப் போங்கள்.

இரண்டாவது பொறி, பூட் பார்ட்டிஷன் தனியாக இருப்பது. திறந்த வட்டில் இயங்குதளம் இருக்கும் ரூட் பார்ட்டிஷனை மட்டும் மவுண்ட் செய்துவிட்டு (அணுகும்படி இணைத்துவிட்டு), நிறுவிய லினக்ஸுக்குள் நுழைய உதவும் சிஎச்ரூட் கட்டளையால் உள்ளே போனால், அங்கேயும் பூட் என்ற பெயரில் ஓர் அடைவு காலியாக இருக்கும். கட்டப்படும் கோப்புகள் அந்தக் காலி அடைவுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். உண்மையான பூட் பார்ட்டிஷனில் ஓர் எழுத்துகூட மாறாது. ஆகவே ரூட், அதன் மேல் பூட், அதன் மேல் இஎஃப்ஐ என்ற வரிசையில் மூன்றையும் மவுண்ட் செய்து, டெவ், புரோக், சிஸ், ரன் அடைவுகளையும் இணைத்த பிறகே சிஎச்ரூட் செய்ய வேண்டும். பூட் பார்ட்டிஷனும் இஎஃப்ஐ பார்ட்டிஷனும் ஒன்றென்று எண்ணிக் குழம்புபவர்கள் உண்டு. இஎஃப்ஐ பார்ட்டிஷன் ஃபேட் வகையைச் சேர்ந்தது, விண்டோஸும் லினக்ஸும் பங்கிட்டுக்கொள்வது, விண்டோஸ் முதலில் நிறுவப்பட்ட கணினிகளில் பெரும்பாலும் 100 மெகாபைட்தான் இருக்கும். என் கணினியில் நிரம்பியது பூட் பார்ட்டிஷன். இஎஃப்ஐ பார்ட்டிஷனை யாரும் தொட்டிருக்கவில்லை.

உள்ளே போன பிறகு வேலை கடினமில்லை. நிரல்களை நிறுவும் கருவியான டிபிகேஜி, இடமில்லாமல் பாதியில் நிற்கும்போது வேறு எதையும் செய்ய மறுக்கும் என்பதால், மிகப் பழைய தொகுப்பு ஒன்றைத் தற்காலிகமாக ஹோம் அடைவுக்கு நகர்த்தி இடம் உண்டாக்கினேன். பிறகு பாதியில் நின்ற நிறுவலை டிபிகேஜி கொண்டு முடித்து, பழைய கெர்னல்களை ஏபிடி என்ற நிரல் மேலாண்மைக் கருவி வழியாக நீக்கி, தொகுப்பைக் கட்டி, கிரப்பின் பட்டியலைப் புதுப்பித்தேன். கடவுச்சொல் கேட்கும் திரை வந்தது. பூட் பார்ட்டிஷனில் உள்ள கோப்புகளை நேரடியாக அழித்து இடம் செய்யச் சொல்லும் அறிவுரைகளை நம்ப வேண்டாம். நிறுவிய நிரல்களின் பதிவேட்டில் அந்தக் கெர்னல் இருக்கும் வரை அதன் தொகுப்பை அமைப்பு மீண்டும் கட்டக்கூடும், அடுத்த மாதமே பழைய நிலை திரும்பும்.

ஆனால் நூல் கைவிட்டுப் போயிருந்தது. “தம்பி, அச்சகத்துல மெஷின் நேரம் வாங்கியாச்சு, இனிமேலும் காத்திருந்தா புத்தகக் காட்சிக்கு வராது” என்று பதிப்பாளர் வேறொருவரிடம் பழைய நகலைக் கொடுத்து முடித்துவிட்டார். எனக்கு வர வேண்டிய 12,000 ரூபாய் போயிற்று. அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையே செய்திருப்பேன்.

அதன் பிறகு என் வழக்கம் மாறிவிட்டது. கெர்னல், கிரப், ஷிம், கிராஃபிக்ஸ் டிரைவர், கிரிப்ட்செட்டப் ஆகியவற்றில் ஏதாவது புதுப்பிக்கப்பட்டால், அந்த நாளிலேயே, வேலை முடிந்த மாலையில், பென்டிரைவ் மேசையில் இருக்கும்போது மறுதொடக்கம் செய்துவிடுகிறேன். உடைவதானால் எனக்கு வசதியான நேரத்தில், காரணம் நினைவில் இருக்கும்போதே உடையட்டும். புதுப்பிப்பதற்கு முன் டிஎஃப் கட்டளையால் பூட் பார்ட்டிஷனில் எவ்வளவு இடமிருக்கிறது என்று பார்க்கிறேன். இரண்டு தொகுப்புகளுக்கு இடமில்லை என்றால் முதலில், தேவையற்ற பழையவற்றை நீக்கும் ஏபிடியின் ஆட்டோரிமூவ். கெர்னல்களைத் தானாக நிறுவும் வசதியை நிறுத்திவிட்டேன். பாதுகாப்புத் திருத்தங்கள் தாமதமாகும் என்பது உண்மைதான், அதற்காக வாரம் ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறேன். பூட் பார்ட்டிஷனைப் பெரிதாக்க வழியுண்டா என்றும் பார்த்தேன். அதற்கு அடுத்தே மறையாக்கப்பட்ட பார்ட்டிஷன் தொடங்குவதால், அதை நகர்த்தும் துணிச்சல் எனக்கில்லை. இனிட்ராம்எஃப்எஸ் அமைப்புக் கோப்பில், எல்லா டிரைவர்களையும் சேர்க்காமல் இந்தக் கணினிக்குத் தேவையானவற்றை மட்டும் சேர்க்கும்படி மாற்றலாம். தொகுப்பு நன்றாகச் சுருங்கும். ஆனால் அந்த வட்டைக் கழற்றி வேறு கணினியில் பொருத்தினால் எழும்பாமல் போகலாம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். புதிதாக நிறுவுபவர்கள் பூட் பார்ட்டிஷனுக்கு 2 ஜிகாபைட் ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

விண்டோஸோடு சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. ஷிம்மையும் கிரப்பையும் நம் லினக்ஸ் மட்டுமே மாற்றுகிறது என்று இருந்துவிட முடியாது. 2024 ஆகஸ்ட் 13 அன்று வெளியான விண்டோஸ் புதுப்பித்தல், பாதுகாப்புக் குறைபாடுள்ள பழைய தொடக்க நிரல்களைத் தடுக்கும் எஸ்பேட் விதியைச் செயல்படுத்தியபோது, இரண்டு அமைப்புகளும் சேர்ந்திருந்த பல கணினிகளில் லினக்ஸ் எழும்ப மறுத்தது. அப்போது பரவலாகச் சொல்லப்பட்ட தீர்வு, நம்பகமான கையொப்பமில்லாத தொடக்க நிரல்களைத் தடுக்கும் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸுக்குள் போய், மோக்யூடில் கட்டளையால் அந்த விதியை நீக்கிவிட்டு மீண்டும் இயக்குவது. செக்யூர் பூட்டைத் தொடுவதற்கு முன், விண்டோஸ் பக்கம் அதன் மறையாக்க வசதியான பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் அடுத்த முறை அது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். அந்த எண் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஃபர்ம்வேர் அமைப்புக்குள் கை வைக்க வேண்டாம்.

அமைப்பின் அன்றைய நிலையை ஸ்னாப்ஷாட்டாக எடுத்து வைத்திருக்கிறேன், பின்னோக்கிப் போய்விடுவேன் என்பவர்கள், அந்த ஸ்னாப்ஷாட்டில் பூட் பார்ட்டிஷன் அடங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையின் ஸ்னாப்ஷாட்டில் தனி பூட் பார்ட்டிஷன் சேராது. ரூட் மட்டும் போன மாதத்துக்குத் திரும்பி, பூட்டில் இந்த மாதக் கெர்னல் நின்றால், அந்தக் கெர்னலுக்குரிய மாட்யூல்கள் (டிரைவர் போன்ற துணைக் கோப்புகள்) ரூட்டில் இருக்காது. வைஃபை முதல் விசைப்பலகை வரை எது இயங்கும், எது இயங்காது என்று சொல்ல முடியாது.

ஒரு தாளில் நான் எழுதி வைத்திருப்பவை: எந்தப் பார்ட்டிஷன் எது, கிரிப்ட்டேப்பில் உள்ள பெயர், வட்டின் இடத்தைப் பங்கிடும் எல்விஎம் தொகுதியின் பெயர், ஃபர்ம்வேர் பட்டியலுக்குப் போகும் விசை. கடவுச்சொல் அதில் இல்லை. லைவ் யுஎஸ்பியை வாங்கிய அன்றே ஒரு முறை அதிலிருந்து கணினியை எழுப்பி, செக்யூர் பூட் இயங்கும் நிலையிலேயே அது ஏறுகிறதா என்று சோதித்துவிட்டேன். லினக்ஸின் வழக்கமான மறையாக்க முறையான லக்ஸ் கொண்டு மறையாக்கப்பட்ட பார்ட்டிஷனின் தொடக்கத்தில் ஹெடர் என்ற சிறு பகுதி உண்டு. லக்ஸ் இரண்டாம் பதிப்பில் அது வழக்கமாக 16 மெகாபைட். அது சிதைந்தால் சரியான கடவுச்சொல் இருந்தும் வட்டு திறக்காது. கிரிப்ட்செட்டப்பில் அதை நகலெடுக்கும் கட்டளை இருக்கிறது. நகலை வேறொரு சாதனத்தில் வைக்க வேண்டும். பின்னாளில் கடவுச்சொல்லை மாற்றினால் அந்த நகலையும் அழித்துவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும், ஏனெனில் பழைய ஹெடரைக் கொண்டு பழைய கடவுச்சொல்லாலேயே வட்டைத் திறந்துவிடலாம்.